வினாவும் விடையும்: கணிப்பொறிப் பெருநிறுவனங்களின் நேர்முகத் தேர்வு - ஓர் ஆய்வு



வினா ஆறு வகைப்படும், விடை எட்டு வகைப்படும் என்பதை நன்னூல் பயின்ற மாணவர் அனைவரும் ஒருமுறையேனும் மனப்பாடம் செய்திருப்பர். தேர்வு முடிந்த மறுநாளே மறந்தும் இருப்பர். பவணந்தி முனிவர் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர் வகுத்த அப்பகுப்பு, இன்று பெங்களூரிலும் ஐதராபாத்திலும் அமெரிக்கக் கலிஃபோர்னியாவிலும் கணிப்பொறிப் பெருநிறுவனங்கள் நடத்தும் நேர்முகத் தேர்வை விளங்கிக்கொள்ளப் பயன்படும் என்று நாம் கூறினால், தமிழாசிரியர் தம் கடைச் சரக்கையே விற்கிறார் என்று கணிப்பொறித் துறை நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணமே அவர்கள்தாம்.

இறுதியாண்டு மாணவர்க்கென அத்துறையார் நடத்திய மாதிரி நேர்முகத் தேர்வொன்றைக் காண நம்மையும் அழைத்திருந்தனர். மாணவர் ஒருவர் பலகையின் முன் நின்றார். கணக்கு கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு நிமிடம் நமக்கு முதுகு காட்டி நின்றாரேயன்றி வாய் திறந்தாரில்லை. நேரம் முடிந்தது. பின்னர்த் தேநீர் அருந்துகையில் அவரிடம் கேட்டோம். இரண்டு வழிகளில் அக்கணக்கிற்கு விடை கண்டிருந்தாராம்; இரண்டையும் நமக்கு விளக்கியும் காட்டினார். “அப்படியானால் ஏன் தம்பி பேசவில்லை?” என்றோம். “பெரியவங்க முன்னால அரைகுறையா எப்படிங்க ஐயா பேசுறது? முழுசாத் தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். இவ்விடை நம்மை வெகுவாக வருத்தியது. ஏனெனில் அவ்வடக்கத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் அவர்தம் பெற்றோரும் நாமுமே.

தேர்வின் அமைப்பு

கூகுள் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1998ஆம் ஆண்டு லாரி பேஜ், செர்ஜி பிரின் எனும் இருவரால் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் தேர்வு முறை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அந்நிறுவனத்தின் பணியாளர் துறைத் தலைவராய் இருந்த லாஸ்லோ பாக் என்பார் 2015இல் வெளியிட்ட நூலிலேயே அதன் உள்ளும் புறமும் விரிவாகக் காணலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் ஆள்சேர்ப்பு அலுவலர் முதலில் தொலைபேசியில் பேசுவார். அடுத்துப் பொறியாளர் ஒருவர் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தொலைவிலிருந்தே ஒரு கணக்கைக் கொடுத்து நிரல் எழுதச் செய்வார். அதில் தேறினோர்க்கு நான்கு அல்லது ஐந்து சந்திப்புகள் அமையும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 45 நிமிடம். வந்தவரைச் சந்தித்த ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுத்தில் வடித்து மதிப்பெண்ணுடன் அளிப்பர்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நேரில் கண்டவர் முடிவு செய்வதில்லை. எவருக்குக் கீழே பணியாற்றப் போகிறாரோ அந்த மேலாளரும் தனித்து முடிவு செய்வதில்லை. வந்தவரின் முகத்தையே காணாத ஒரு குழுவின் முன் அவ்வெழுத்துகள் அனைத்தும் வைக்கப்படும்; அக்குழு கூடி ஆராய்ந்து முடிவு கூறும். தனியொருவரின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீண்டலாகாது என்பதே இதன் நோக்கம். ஷூரா எனப்படும் கலந்தாலோசனையை நம் மஹல்லா ஜமாஅத்துகளில் கண்டு பழகிய பெரியோர்க்கு இம்முறை புதிதாய்த் தோன்றாது.

ஆனால் இதிலிருந்து மாணவர் உணர வேண்டுவது வேறு. வந்தவர் வாய்விட்டுச் சொன்னதே எழுத்தில் ஏறும். அவர் மனத்துள் நிகழ்ந்தது ஏறாது. நம் மாணவர் கண்ட இரண்டு வழிகளும் அவ்வேட்டில் இடம்பெற்றிரா. ‘பன்னிரண்டு நிமிடம் பேசாது நின்றார்’ என்ற ஒரு வரியே இடம்பெற்றிருக்கும்.

முன்னாளில் எத்தனை பேர் சந்திப்பது என்பதற்கு வரம்பில்லை. பத்துக்கு மேற்பட்ட சந்திப்புகளுக்கு ஆளானோரும் உளர். பின்னர் நிறுவனத்தார் தம் பழைய ஏடுகளையே ஆராய்ந்து, நான்கு சந்திப்புகளிலேயே 86 விழுக்காடு உறுதியுடன் முடிவு காண இயலும் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு சந்திப்பும் ஏறத்தாழ ஒரு விழுக்காடே கூட்டுகிறது என்றும் கண்டனர். அதன்பின் நான்கு என்பது பொது விதியாயிற்று.

புதிர்களின் காலம்

வேலைக்கு வந்தவரை வினாக்களால் மடக்கும் வழக்கம் பழையது. தாமஸ் ஆல்வா எடிசன் 1921இல் தம்மிடம் வேலை தேடி வந்த பட்டதாரிகளுக்குச் சுமார் 150 பொதுஅறிவு வினாக்கள் கொண்ட தாளைக் கொடுத்தார். அது நாளிதழ்களில் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்பிற்காக நோபல் பரிசு பெற்றவருள் ஒருவரான வில்லியம் ஷாக்லி, 1950களில் தம் நிறுவனத்திற்கு வந்தோரிடம் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிர் கேட்டார். அவற்றுள் ஒன்று இது: 127 பேர் கலந்துகொள்ளும் டென்னிஸ் பந்தயத்தில், தோற்றவர் வெளியேறும் முறையில், வெற்றியாளரைக் காண எத்தனை ஆட்டங்கள் தேவை? 63, 32, 16 என்று கூட்டத் தொடங்குவோர் பலர். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது. வெளியேற வேண்டியோர் 126 பேர். ஆகவே 126 ஆட்டங்கள்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இம்மரபைப் பரப்பிற்று. சாலையில் உள்ள சாக்கடைத் தொட்டியின் மூடி ஏன் வட்டமாக உள்ளது என்னும் அதன் வினா உலகெங்கும் பேசப்பட்டது. கூகுளும் 2004இல் கலிஃபோர்னியச் சாலையோர விளம்பரப் பலகை ஒன்றில் தன் பெயரைக் குறிப்பிடாமலே, கணிதத்தில் e எனக் குறிக்கப்பெறும் மாறிலியின் இலக்கங்களில் தொடர்ச்சியாக வரும் முதல் பத்திலக்கப் பகா எண் யாது என்று வினவியது. விடை 7427466391. அதனைக் கண்டோர் அடுத்தடுத்த புதிரைத் தாண்டி விண்ணப்பம் அனுப்பும் இடத்தை அடைந்தனர்.

2013இல் மேற்கூறிய லாஸ்லோ பாக் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு அளித்த பேட்டியில், இத்தகைய புதிர்களால் யாதொரு பயனும் விளையவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கேட்பவர்க்குத் தாம் அறிவாளி என்ற எண்ணத்தை அவை தந்தன, அவ்வளவே. உளவியல் அறிஞர்களான ஷ்மிட், ஹன்டர் ஆகிய இருவரும் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரை, வாய்க்கு வந்தவாறு உரையாடும் நேர்முகத் தேர்வைக் காட்டிலும், எல்லோரிடமும் ஒரே வினாக்களை ஒரே அளவுகோலால் கேட்கும் ஒழுங்கமைந்த தேர்வே வருங்காலப் பணித்திறனை நன்கு காட்டும் என்று முன்னரே நிறுவியிருந்தது. ஆதலின் இன்றைய மாணவர் புதிர் நூல்களை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டுவதில்லை.

அறுவகை வினா

இனி நன்னூலுக்கு வருவோம். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவ்வாறு. விடையைத் தான் அறிந்திருந்தும் மாணவனின் அறிவை அளக்க ஆசிரியர் வினவுவது அறிவினா. அறியாமையால் மாணவன் ஆசிரியரை வினவுவது அறியா வினா. அதுவோ இதுவோ எனத் துணியாது வினவுவது ஐய வினா.

நேர்முகத் தேர்வில் முதல் வினா அறிவினாவே. ஆனால் அஃது அறிவினாவாகத் தொடங்கினும், நல்ல மாணவர் உடனே விடை கூறமாட்டார். தாம் திரும்ப அறியா வினாவும் ஐய வினாவும் எழுப்புவார். எழுப்ப வேண்டும் என்றே தேர்வாளர் எதிர்பார்க்கிறார். கணக்கு வேண்டுமென்றே குறைபாட்டுடன் தரப்படுவதும் உண்டு. நம் வகுப்பறைகளிலோ அறிவினா ஒன்றே ஆட்சி செய்கிறது. ஆசிரியர் கேட்பார், மாணவர் எழுந்து சொல்வார் அல்லது தலைகுனிந்து நிற்பார். வினா தெளிவாக இல்லையே என்று ஆசிரியரைத் திருப்பிக் கேட்ட மாணவரை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் நமக்கு முழுமையாகக் கிடைக்கும் நூல்களுள் காலத்தால் முற்பட்டது, வண்ணப் பரிமளப் புலவர் இயற்றி 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிர மசலா என்பதை அறிவோம். மசலா என்ற அரபுவழிச் சொல்லுக்கு வினா என்றும், தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் என்றும் பொருள். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்னும் யூத அறிஞர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆயிரம் வினாக்களை விடுத்து, விடைகளால் தெளிவுற்று இஸ்லாத்தை ஏற்றதை அந்நூல் பாடுகிறது. வினவுதல் அவமதிப்பன்று, அறிதலின் வாயில் என்று கொண்டதால்தான் நம் முன்னோர் வினாவுக்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்து, நூறு மசலா போன்ற நூல்களையும் ஆக்கினர். அவ்வழி வந்த நம் பிள்ளைகள் வினவ நாணி நிற்பது வியப்பிற்குரியது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, பலரும் அறிந்த எளிய கணக்கொன்றைக் காண்போம். எண்களின் பட்டியல் ஒன்று தரப்படும். குறிப்பிட்ட ஒரு கூட்டுத்தொகையைத் தரும் இரண்டு எண்களை அதில் காண வேண்டும். கணிப்பொறி கல்லாத பெரியோரும் இதனைப் பின்தொடரலாம்.

முதலில் வினாக்கள். பட்டியல் ஏறுவரிசையில் உள்ளதா, கலைந்துள்ளதா? குறை எண்கள் வருமா? ஒரே எண் இருமுறை வருமா? ஒரு எண்ணையே இருமுறை எடுத்துக் கூட்டலாமா? விடையே இல்லாவிடில் என் செய்வது? பட்டியலில் எத்தனை எண்கள் இருக்கும்? இவ்வைந்தாறு வினாக்களைக் கேட்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் தேர்வாளரின் ஏட்டில் நல்ல குறிப்பொன்று ஏறிவிடும்.

அடுத்து, மனத்தில் முதலில் தோன்றும் எளிய வழியைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் மற்ற ஒவ்வோர் எண்ணுடனும் கூட்டிப் பார்ப்பது அவ்வழி. அது சிறந்த வழியன்று. அதனையும் தாமே சொல்ல வேண்டும். பத்தாயிரம் எண்கள் இருப்பின் 4,99,95,000 இணைகளைக் கூட்டிப் பார்க்க நேரலாம். நம் மாணவர் வாய் மூடி நின்றது இக்கட்டத்தில்தான். சிறந்த வழி தோன்றும்வரை தாழ்ந்த வழியைச் சொல்வது இழுக்கு என்று எண்ணினார். தேர்வாளரோ தாழ்ந்த வழியைச் சொல்லி, அதன் தாழ்வையும் அளந்து சொல்பவரையே விரும்புகிறார்.

பட்டியல் ஏறுவரிசையில் உள்ளது என்று கொள்வோம்: 3, 8, 11, 14, 20. வேண்டும் தொகை 25. இடக்கோடியில் ஒரு விரலும் வலக்கோடியில் ஒரு விரலும் வைக்க. 3உம் 20உம் 23, தொகை குறைகிறது, இடக்கை விரலை ஓரிடம் உள்ளே நகர்த்துக. 8உம் 20உம் 28; மிகுகிறது; வலக்கை விரலை உள்ளே நகர்த்துக. 8உம் 14உம் 22, மீண்டும் இடக்கை. 11உம் 14உம் 25. முடிந்தது. விரல்கள் ஒன்றையொன்று நோக்கியே நகர்வதால், பத்தாயிரம் எண்கள் இருப்பினும் பத்தாயிரத்திற்கும் குறைவான கூட்டல்களே தேவைப்படும். ஏறத்தாழ ஐந்து கோடி எங்கே, பத்தாயிரம் எங்கே! பட்டியல் கலைந்திருந்தால், கண்ட எண்களை ஹேஷ் அட்டவணையில் குறித்துக்கொண்டே ஒருமுறை கடந்து செல்லும் வேறொரு வழி உண்டு. அதனைக் கணிப்பொறித் துறையார் விளக்குவர்.

இறுதியாகத் தம் விடையைத் தாமே சோதிக்க வேண்டும். வேண்டும் தொகை 16 எனின்? 8ஐ இருமுறை எடுத்துவிடும் நிரல் தவறானது. இப்பட்டியலில் 16க்கு இணையே இல்லை. தொடக்கத்தில் கேட்ட வினாவின் பயன் இங்கே விளங்கும்.

நடுவே மாணவர் தடுமாறினால் தேர்வாளர், “பட்டியலை முதலில் வரிசைப்படுத்தினால் என்ன ஆகும்?” என்று மெல்லக் கேட்பார். வடிவால் அஃது ஐய வினாப் போலத் தோன்றும். பொருளால் ஏவல் வினா. கைகொடுத்து உதவுவதால் கொடை வினா என்று கொள்வாரும் இருக்கலாம், நாம் மறுக்கமாட்டோம். எவ்வாறாயினும் அதனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குறிப்பை உணராது தம் வழியிலேயே போகிறவரைத் தேர்வாளர் விரும்புவதில்லை; நாளை உடன்பணியாற்றும்போதும் இவர் பிறர் சொல் கேளார் என்று எழுதிவிடுவார்.

எண்வகை விடை

சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன நன்னூல் கூறும் எட்டு விடைகள். முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. “ஆடுவாயா?” என்றதற்குக் கால் வலித்தது என்பது உற்றது உரைத்தல், கால் வலிக்கும் என்பது உறுவது கூறல், பாடுவேன் என்பது இனமொழி.

இன்றைய தேர்வாளர் தொழில்நுட்பக் கணக்குடன் நில்லாது, மாணவரின் இயல்பை அறியவும் வினாக்கள் கேட்கின்றனர். அவை இருவகை. உடன்பணியாற்றியவரோடு கருத்து மாறுபட்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுக என்பது ஒரு வகை. அதற்கு விடை உற்றது உரைத்தல். அத்தகைய நிலை வந்தால் என்ன செய்வீர் என்பது மற்றொரு வகை. அதற்கு விடை உறுவது கூறல். இலக்கணத்தில் அவை குறிப்பு விடைகளாயினும் இங்கே நேர்விடைகளாகவே நிற்கின்றன என்ற வேறுபாட்டையும் நாம் மறைக்கவில்லை. அமேசான் நிறுவனம் உற்றது உரைத்தலையே பெரிதும் வேண்டுகிறது. தலைமைப் பண்புகள் என அந்நிறுவனம் வகுத்துள்ளவை 16. ஒவ்வொன்றிற்கும் சான்றாக மாணவர் தம் வாழ்வில் நிகழ்ந்ததைக் கூற வேண்டும்: சூழல் யாது, தம் பொறுப்பு யாது, தாம் செய்தது யாது, விளைந்தது யாது என்ற நான்கும் அதில் அமைதல் வேண்டும். வந்தவரைக் காண்போருள் ஒருவர், ஆள் தேவைப்படும் குழுவைச் சாராத வேறு பிரிவினர். ‘பார் ரெய்ஸர்’ எனப்படும் அவர் ஒப்பாவிடில் வேலை கிடைப்பது அரிது.

இங்கே நம் பிள்ளைகள் இடறும் கல் ஒன்றுண்டு. “நாங்கள் செய்தோம்” என்றே அவர்கள் கூறுவர். நான் என்பது செருக்கு என்று வளர்க்கப்பட்டவர்கள் வேறெவ்வாறு கூறுவர்? இக்கட்டுரை எழுதும் நாமும் ‘நாம்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தேர்வாளர் அறிய விரும்புவது குழுவின் செயலையன்று. பிறர் செய்ததைப் பிறர்க்கும், தாம் செய்ததைத் தமக்கும் உரிய அளவில் பிரித்துக் கூறுவது செருக்கன்று. கணக்கு ஒப்படைத்தல் போன்றது.

எட்டனுள் நாம் அஞ்ச வேண்டியது இனமொழியே. ஆடுவாயா என்று கேட்டால் பாடுவேன் என்பது போல, கேட்ட கணக்கை விட்டுத் தாம் மனப்பாடம் செய்து வந்த அதன் உறவுக் கணக்கிற்கு விடை எழுதுவோர் எண்ணிலர். நூற்றுக்கணக்கான கணக்குகளை விடையுடன் உருப்போட்டுச் செல்வோர்க்கு இவ்விபத்து தவறாது நேர்கிறது.

அறியேன் என்னும் விடை

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கூகுள் நிறுவனத்திற்கு நேர்முகத் தேர்விற்குச் சென்றவருள் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. ஜிமெயில் என்னும் மின்னஞ்சல் வெளியானதும் அன்றுதான். தேர்வாளர் ஒருவர்பின் ஒருவராக, ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கேட்டனர். அவர் அதனைக் கண்டதே இல்லை. முட்டாள்கள் தினக் கேலியோ என்றும் எண்ணினாராம். நான்காமவர், அதனைக் கண்டீரா என்று வினவியபோது இல்லை என்றார். நன்னூலார் இதனை மறை விடை என்பார். உடனே அத்தேர்வாளர் அதைத் திறந்து காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோது கருத்துச் சொல்ல அவரிடம் பொருள் இருந்தது. 2017ஆம் ஆண்டு சனவரியில், தாம் பயின்ற கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவரிடையே இந்நிகழ்ச்சியை அவரே கூறினார். 2015 முதல் கூகுளின் தலைமைச் செயல் அலுவலராய் விளங்குபவர் அவர்.

மதீனத்து இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 வினாக்கள் கேட்கப்பட்டபோது 32 வினாக்களுக்கு ‘அறியேன்’ என்றே விடை பகர்ந்தார்கள் என்ற செய்தி நம் மத்ரசாக்களில் இன்றும் கூறப்படுவது. அத்துணைப் பேரறிஞர்க்கு இழுக்காகாத சொல் நம் மாணவர்க்கு மட்டும் இழுக்காகுமா? ஆயினும் தேர்வுக் கூடத்தில் அறியேன் என்பதோடு நிற்றல் போதாது. அறியேன், ஆயினும் இன்னவாறு தேட முயல்வேன் என்று அடுத்த அடியையும் வைத்தல் வேண்டும்.

பிறர் பார்வையில்

இத்தேர்வு முறை குறையற்றதென்று நாம் கூறவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளரும் இணைந்து 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 48 கணிப்பொறி மாணவர் பங்குபெற்றனர். சிலர் தேர்வாளர் பார்த்திருக்க, வாய்விட்டுப் பேசிக்கொண்டே வெண்பலகையில் கணக்கைத் தீர்த்தனர். சிலர் தனியறையில் தீர்த்தனர். பிறர் பார்க்கத் தீர்த்தவரின் திறன் பாதிக்கும் கீழாய்க் குறைந்தது. தனியறையில் தீர்த்த பெண்கள் அனைவரும் வென்றனர். பிறர் முன்னிலையில் தீர்த்த பெண்களுள் ஒருவரும் வென்றிலர். பெண்களின் எண்ணிக்கை சிறிதாதலின் இதிலிருந்து பெருமுடிவு கொள்வது தகாது. எனினும் அறிவை அளப்பதாகக் கருதும் தேர்வு, அச்சத்தையும் சேர்த்தே அளந்துவிடுகிறது என்பது இதனால் தெரிகிறது. அச்சம் பழக்கத்தால் குறைவது.

இவ்விடத்தில் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். 2020க்குப் பின் இத்தேர்வுகள் பெரிதும் கணிப்பொறித் திரை வழியே, மாணவர் இல்லத்திலேயே நடைபெறுகின்றன. நம் பெண்மக்கள் பலர்க்கு இது வீட்டு வாயிலுக்கே வந்த வாய்ப்பு. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் அறைக்குள் சிறுவர் ஓடுவதும், அடுக்களையில் மிக்சி அலறுவதும், விருந்தினர் கதவைத் தட்டுவதும் நிகழ்கின்றன. ஓர் அறையை, ஒரு மணி நேரம், கதவைச் சாத்தி அப்பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது செலவில்லாத உதவி.

தேர்வு தவறிழைப்பதற்குச் சான்றுகள் பல. ஆப்பிள் கணிப்பொறிகளில் மென்பொருள்களை நிறுவப் பொறியாளர் பரவலாகப் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ என்னும் கருவியை ஆக்கிய மாக்ஸ் ஹவல், 2015இல் கூகுள் தேர்வில் வெற்றி பெறவில்லை. பைனரி ட்ரீ எனப்படும் இருகிளை மர அமைப்பைப் பலகையில் தலைகீழாக்கிக் காட்டாததே காரணம் என்று அவர் கசப்புடன் எழுதினார். பிரையன் ஆக்டன் என்பாரை 2009இல் ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் ஏற்க மறுத்தன. அவர் ஜான் கூமுடன் சேர்ந்து வளர்த்த வாட்ஸ்அப்பை 2014இல் அதே ஃபேஸ்புக் ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு விலை பேசிற்று. கூகுளில் ஏறத்தாழ 250 நேர்முகத் தேர்வுகள் நடத்திய பொறியாளர் ஒருவர் பின்னாளில் தம் உரையில் கூறிய செய்தி இன்னும் சுவையானது. அவர் இருந்த தேர்வுக் குழுவின் முன் ஆள்சேர்ப்பு அலுவலர் சில ஏடுகளைப் பெயர் நீக்கி வைத்தாராம். குழுவினர் ஆராய்ந்து வேண்டா என்று தள்ளினர். அவை அக்குழுவினர் தாமே முன்னாளில் வேலைக்கு வந்தபோது எழுதப்பட்ட ஏடுகள்! தகுதியற்றவரை ஏற்பதினும் தகுதியுடையவரை இழப்பது சிறு பிழை என்று கொண்டு நடத்தப்படும் தேர்வு இது; ஆதலின் தள்ளப்பட்டோரெல்லாம் தகுதியற்றோர் ஆகார். மறுப்புக் கடிதம் வந்த மாணவர் இல்லத்தில் இச்செய்தியைப் பெற்றோர் எடுத்துரைத்தல் நலம்.

இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய சோதனையும் வந்துள்ளது. திரைக்குப் பின்னே அதனிடம் கேட்டு விடை சொல்வோர் பெருகியதால், ஒரு சுற்றேனும் நேரில் நடத்த வேண்டும் என்று 2025இல் சுந்தர் பிச்சையே பேசினார். திருக்குர்ஆனின் இருபத்தெட்டாம் அத்தியாயத்தில், மத்யன் நகரில் மூஸா நபி (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, வலிமை, நம்பகம் என்னும் இரண்டையே தகுதிகளாக எடுத்துரைத்ததை நாம் ஓதி வருகிறோம். வலிமையை 45 நிமிடத்தில் ஓரளவு அளக்கலாம். மற்றதைத் திரைக்குப் பின்னே இருப்பவரும் இறைவனுமே அறிவர்.

மாதிரித் தேர்வில் வாய் திறவாது நின்ற அம்மாணவர் இப்போது வியாழன்தோறும் மாலையில் நம் துறைக்கு வருகிறார். கணிப்பொறித் துறை மாணவர் இருவர் மாறி மாறித் தேர்வாளராகவும் தேர்வெழுதுவோராகவும் நிற்பர். முதலில் தமிழில் சிந்தித்துத் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்வது, அது தடையின்றி வந்தபின் அதே கணக்கை ஆங்கிலத்தில் சொல்வது என்பது நாம் வகுத்த முறை. சென்ற வாரம் அவர் கணக்கைக் கேட்டவுடன் தேர்வாளராய் நின்ற தம் தோழரிடம் ஏழு வினாக்கள் கேட்டார். அவற்றுள் இரண்டு தேவையற்றவை. நாம் குறுக்கிடவில்லை. அசர் தொழுகைக்குப் பின் நான்கரை மணிக்கு அறை திறந்திருக்கும். சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் உண்டு. பிற துறை மாணவரும், மாணவியர்க்குத் தனியே அமைந்த செவ்வாய் வகுப்பிற்கு அவர்தம் அன்னையரும் வரலாம்.